ஐந்து மணிக்கு மேல் நடந்தது வீட்டு விபத்து அல்ல

அனுப்புநர்
ச. ஜெனிட்டா (வயது 34),
த/பெ. சவரியார்,
எழுத்தர், டைம் ஆபீஸ்,
அருள்முகில் நூற்பாலை,
திருச்செங்கோடு வட்டம்.
இருப்பிடம்: சூரமங்கலம், சேலம்.

பெறுநர்
உயர்திரு இணை இயக்குநர் அவர்கள்,
தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதாரத் துறை,
நாமக்கல் மாவட்டம்.

பொருள்: பணி நேரம் முடிந்ததாகப் பொய்யாகப் பதிந்து தொழிலாளர்களைக் கூடுதல் நேரம் வேலை வாங்குதல் – மிகைநேர ஊதியம் தராமை – அந்நேரத்தில் ஆலையில் நடந்த விபத்தை வீட்டு விபத்து என மாற்றி எழுதியது – நேரில் ஆய்வு செய்து நடவடிக்கை எடுக்க வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் மேற்படி ஆலையின் டைம் ஆபீஸில் ஆறு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். தொழிலாளர் வரும் நேரம், போகும் நேரம், விடுப்பு ஆகியவற்றைக் கணினியில் பராமரிப்பது என் பொறுப்பு. இம்மனுவில் நான் பொய் என்று சொல்லும் பதிவுகள் அனைத்தும் என் கை வழியாகப் போனவையே. அதை முதலிலேயே சொல்லிவிடுவதுதான் முறை என்று கருதுகிறேன்.

2. பகல் ஷிப்ட் காலை 8 மணி முதல் மாலை 5 மணி வரை, இடையில் ஒரு மணி நேரம் சாப்பாடு. ஐந்து மணிக்குப் பெண்கள் வரிசையாக வந்து கைரேகைக் கருவியில் விரல் வைப்பார்கள். கணினியில் அவர்கள் வெளியேறிவிட்டதாகப் பதிவாகிவிடும். ஆனால் அவர்கள் வாசலுக்குப் போவதில்லை. பஞ்சு குடோனின் பக்கக் கதவு வழியாக மறுபடியும் உள்ளே அனுப்பப்பட்டு எட்டரை மணி வரை வேலை செய்கிறார்கள். ஆலை மேலாளர் திரு. நவநீதகிருஷ்ணன் இதற்கு "உதவி நேரம்" என்று பெயர் வைத்திருக்கிறார். கூடுதல் நேர வேலைக்கு இரட்டிப்பு ஊதியம் தர வேண்டும் என்று சட்டம் சொல்வது அவருக்கு நன்றாகத் தெரியும். உதவி என்று சொல்லிவிட்டால் ஊதியப் பேச்சே எழாது என்பது அதைவிட நன்றாகத் தெரியும். கொடுப்பது ஆறரை மணிக்கு ஒரு டீயும் ஒரு பன்னும். மறுக்கிற பெண்ணை அடுத்த நாள் காலை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டு, விடுப்பு என்று பதியச் சொல்வார்கள். பதிந்திருக்கிறேன்.

3. கடந்த ஜூலை மாதம் தங்கள் துறை அலுவலர் ஒருவர் முற்பகலில் ஆய்வுக்கு வந்தார். அவர் கேட்ட பதிவேடுகளை எடுத்துக் கொடுத்தவள் நான். குறை கண்டுபிடிக்க எதுவும் இல்லாதபடி அவை சுத்தமாக இருந்தன. அந்தச் சுத்தத்தை நினைத்தால் இப்போது எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

4. மல்லசமுத்திரத்தைச் சேர்ந்த திருமதி மோகனப்பிரியா (வயது 27) கார்டிங் பகுதியில், அதாவது பஞ்சைச் சீவும் இயந்திரத்தில், மூன்று ஆண்டுகளாக வேலை செய்துவந்தார். கணவர் சின்னராஜ் ரிக் லாரியில் வெளிமாநிலம் போய் மாதக்கணக்கில் போர்வெல் போடுகிறவர். தாயார் குப்பாயியும் இதே ஆலையில் கழிவுப் பஞ்சு அள்ளும் வேலையில் இருக்கிறார். 17.10.2024 வியாழக்கிழமை, தீபாவளிக்கு முன் ஆர்டரை முடிக்க வேண்டும் என்று ஒருவரையும் விடவில்லை. மோகனப்பிரியா காலையிலிருந்து தலைவலி என்று சூப்பர்வைசரிடம் சொல்லியிருக்கிறார். டீ குடித்தால் சரியாகிவிடும் என்று பதில் வந்ததாம். மாலை 6.40 மணிக்கு, டீ முடிந்து பத்து நிமிடத்தில், இயந்திரத்தில் அடைத்த பஞ்சை எடுக்கக் கை விட்டபோது அவருடைய வலது கை உள்ளே இழுக்கப்பட்டது. மூடியைத் திறந்தால் இயந்திரத்தைத் தானாக நிறுத்த வேண்டிய சுவிட்சை, உற்பத்தி நிற்கக் கூடாது என்பதற்காகக் கம்பியால் கட்டி வைத்திருந்தார்கள். நான்கு விரல்கள் போயின. அன்று 5.02 மணிக்கு அவர் வெளியேறியதாகக் கருவியில் வைத்த ஆள்காட்டி விரலும் அவற்றில் ஒன்று.

5. அந்நேரமும் டைம் ஆபீஸில் இருந்த நான் சத்தம் கேட்டு ஓடினேன். பார்த்ததைச் சொல்கிறேன். அவரை ஏற்றிய வேன் ஈரோடு மருத்துவமனைக்குப் போய்ச் சேர்வதற்குள் அந்த இயந்திரம் துடைக்கப்பட்டு மறுபடியும் ஓடத் தொடங்கிவிட்டது. இரத்தம் துடைத்த பஞ்சை எரிக்கக்கூட இல்லை. கழிவுப் பொதியில் அமுக்கி, எடை போட்டு, விற்பனைக்கு வைத்தார்கள். மற்ற பெண்களை எட்டரை வரை நிறுத்தி வைத்தார்கள். மகளோடு வேனில் ஏறப் போன குப்பாயியைத் தடுத்து, காலையில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார்கள்.

6. மறுநாள் காலை மேலாளர் என்னைத் தம் அறைக்கு அழைத்தார். கோபமோ பதற்றமோ அவரிடம் இல்லை. டீ குடித்தபடியே சொன்னார்: "அந்தப் புள்ள அஞ்சு மணிக்கே ஊட்டுக்குப் போயிருச்சுன்னு உங்க கம்ப்யூட்டரே சொல்லுதுங்க ஜெனிட்டா. அப்பறம் அடிபட்டது ஊட்லதானுங்களே?" பிறகு விபத்து பற்றிய ஆலைக் கடிதம் ஒன்றின் வாசகத்தைச் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தேன். தொழிலாளி பணி முடிந்து வீடு சென்றபின் மாவு கிரைண்டரில் கை சிக்கிக் காயமடைந்தார். மனிதாபிமான அடிப்படையில் ஆலை வாகனம் உதவியது என்பது அதன் சாரம். 5.02க்கு அவர் வெளியேறியது உண்மை எனச் சான்றளித்துக் கீழே நான் கையொப்பமிட்டேன். மருத்துவமனையிலும் இதையே சொல்லி எழுத வைத்திருக்கிறார்கள். மோகனப்பிரியா வீட்டில் கிரைண்டர் கிடையாது. அவர் மளிகைக் கடையில் பாக்கெட் மாவு வாங்குகிறவர்.

7. இதோடு முடிந்திருந்தால் நான் வாய் திறந்திருப்பேனா என்று எனக்கே தெரியவில்லை. 28.10.2024 அன்று, அதாவது பதினோராம் நாள், முன்னறிவிப்பின்றிப் பணிக்கு வராமல் இருப்பதற்கு விளக்கம் கேட்டு, தவறினால் பணிநீக்கம் செய்யப்படும் என்று மோகனப்பிரியாவுக்கு நோட்டீஸ் அனுப்பச் சொன்னார்கள். உறையின் மேல் முகவரி எழுதியது நான். எழுதி முடித்தபோது மணி ஏழாகியிருந்தது. அன்றும் என் பணி நேரம் 5 மணிக்கு முடிந்ததாகவே பதிவாகியிருக்கிறது.

8. 03.11.2024 ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து மல்லசமுத்திரம் போனேன். வெளிமாநிலத்திலிருந்து வந்திருந்த சின்னராஜ் என்னை வரவேற்று நாற்காலி போட்டார். நான் யார் என்று அவருக்குத் தெரியாது. மோகனப்பிரியாவுக்குத் தெரியும். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, "நா அஞ்சு மணிக்கே போயிட்டேன்னு எழுதுனது நீங்கதானுங்களாக்கா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர், "பாக்க வர்றவங்கெல்லாம் கிரைண்டர்ல போச்சான்னு கேக்கறாங்க. நானும் ஆமாங்கன்னே சொல்லிட்டிருக்கறன்" என்றார். வேறு விதமாகச் சொன்னால் தாயாரின் வேலை போய்விடும் என்று சூப்பர்வைசர் வீடு வரை வந்து சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். குப்பாயி இன்றும் அதே கூடத்தில் உதவி நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறார். பக்கத்து வீட்டு கிரைண்டரில் என்றே கேள்விப்பட்டிருந்த சின்னராஜுக்கு, தன் மனைவி ஆலை இயந்திரத்தில் அடிபட்டார் என்பதே அன்று என் வாயால் கேட்டுத்தான் தெரிந்தது. அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டார். ஆறு நாற்பது என்றேன்.

9. கணினிப் பதிவை மட்டும் பார்த்தால் என் சொல் நிற்காது என்பதை அறிவேன். எனவே கேன்டீன் டீ நோட்டின் நகலை இத்துடன் இணைத்துள்ளேன். விபத்து நடந்த நாளில் மாலை 6.30 மணிக்கு 43 டீ கொடுத்ததாக அதில் உள்ளது. அதே நேரத்தில் ஆலைக்குள் இருந்ததாகக் கணினி காட்டுவது ஆறு பேர். தொழிலாளர்களை இறக்கிவிடும் வேனின் எட்டே முக்கால் மணிப் பதிவுகளும், கம்பி கட்டிய சுவிட்சின் புகைப்படமும் உள்ளன. டீ நோட்டைத் திருத்த வேண்டும் என்று இதுவரை யாருக்கும் தோன்றவில்லை. இம்மனு ஆலைக்குத் தெரிந்தால் தோன்றும்.

10. ஆகவே ஐயா அவர்கள் முன்கூட்டித் தெரிவிக்காமல், மாலை ஐந்தரை மணிக்கு மேல், முன்வாசலைத் தவிர்த்து குடோனின் பக்கக் கதவு வழியாக உள்ளே வந்து பார்க்க வேண்டும். மோகனப்பிரியாவின் காயம் பணியின்போது ஏற்பட்டது எனப் பதிவு செய்து, அவருக்குரிய இழப்பீடும் மருத்துவ உதவியும் கிடைக்கச் செய்ய வேண்டும். பணிநீக்க நோட்டீஸை ரத்து செய்ய வேண்டும். உதவி நேரம் என்ற பெயரில் வாங்கிய வேலைக்கு எல்லாப் பெண்களுக்கும் சட்டப்படியான இரட்டிப்பு ஊதியத்தைப் பெற்றுத் தர வேண்டும். குப்பாயி உட்பட யாரும் இதனால் வேலை இழக்காமல் காக்க வேண்டும்.

11. பொய்ச் சான்றில் கையொப்பமிட்டதற்காக என் மீதும் உரிய நடவடிக்கை எடுக்கலாம். மன்னிப்புக் கேட்டு இம்மனுவை எழுதவில்லை. நான் இன்னும் வேலையை விடவில்லை. தாங்கள் வரும்போது டைம் ஆபீஸில் இருப்பேன். யார் எத்தனை மணிக்குப் போனார்கள் என்று கேட்டால், இம்முறை உள்ளதைச் சொல்வேன்.

தங்கள் வருகையை எதிர்நோக்கும்,

(ஒப்பம்) ச. ஜெனிட்டா

(ஒப்பம்) சி. மோகனப்பிரியா

நாள்: 11.11.2024
இடம்: திருச்செங்கோடு

இணைப்பு: கேன்டீன் டீ நோட்டு நகல், வேன் பதிவு நகல், புகைப்படங்கள், 18.10.2024 கடிதத்தின் நகல், 28.10.2024 நோட்டீஸின் நகல்.

குறிப்பு: இரண்டாவது கையொப்பம் ஆலை ஆவணங்களில் உள்ள கையொப்பத்துடன் பொருந்தாது. மனுவை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துக் காட்டியபின் மோகனப்பிரியா அதை இடது கையால் போட்டிருக்கிறார். மைப்பெட்டி தருகிறேன், கைநாட்டு வைத்தால் போதும் என்று சொல்லிப் பார்த்தேன். தனக்கு எழுதத் தெரியும் என்று சொல்லிவிட்டார்.