பின்வாசல் பூட்டு

தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. நலம், நலமறிய ஆவல் என்று பழக்கதோஷத்தில் எழுதி, அடித்திருக்கிறேன். இங்கே நலமில்லை. உன் நலமறியும் ஆவலும் இல்லை.

நேற்று கோர்ட்டுக்குப் போனேன். உன்னைக் கூட்டிவரவில்லை, பாதுகாப்புக் காரணமாம். சிறையில் வழிபாட்டுக் கூடத்துக்குப் போக விடவில்லை என்று நீ போட்ட மனுவில், அரசாங்க வக்கீல்தான் என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டிருந்தார். பஸ் டிப்போ குண்டுவெடிப்பில் புருஷனைப் பறிகொடுத்தவள், கைதியின் கூடப்பிறந்தவள். உன் பக்தியெல்லாம் வேஷம் என்று என் வாயால் வந்துவிட்டால் அவருக்கு வேலை முடிந்தது.

நான் உள்ளதைச் சொன்னேன். சின்ன வயதில் அப்பா நம்மைக் கண்மூடி உட்காரவைத்தால், நீ ஒரு கண்ணால் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருப்பாய் என்றேன். அது உங்களுக்கு எப்படித் தெரியும் என்று உன் வக்கீல் மடக்கினார். நானும் ஒரு கண்ணைத் திறந்துதான் வைத்திருந்தேன் என்றேன். நீதிபதியே சிரித்துவிட்டார்.

அப்படியானால் அனுமதி கொடுக்க வேண்டாமா என்று அவர் கேட்டார்.

"தண்டனையில ஒரு நாள்கூடக் குறைக்காதீங்க. ஆனா கும்பிடறதைத் தடுக்காதீங்க. எங்க யார்கிட்டயும் அவன் வாயைத் திறக்க மாட்டேங்கறான். அங்கயாவது திறக்கட்டும்" என்றேன்.

அரசாங்க வக்கீல் முகத்தில் ஈயாடவில்லை. அனுமதி கிடைத்துவிட்டது. உன் வக்கீல் ஓடிவந்து நன்றி சொன்னார். அவனுக்காகச் சொல்லவில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மகள் இன்னும் பஸ்ஸில் ஏற மாட்டேன் என்கிறாள். பள்ளிக்கூடத்துக்கு நடந்தே கூட்டிப்போகிறேன். உன் பேச்சை எடுத்தாலே அம்மா எழுந்து உள்ளே போய்விடுகிறாள்.

நீ போய்ச் சேர்ந்த அந்தக் கும்பலில் சமையல் மட்டும்தான் செய்தாயாம், குண்டு வைத்தது வேறு யாரோவாம். நம் வீட்டில் வெந்நீர் வைக்கச் சொன்னாலே மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வாய். அவர்களுக்கு வேளாவேளைக்குப் பொங்கிப் போட்டாயா? நீ போட்டதைத் தின்ற தெம்பில்தானே இங்கே வந்தார்கள்? வெட்கமாக இல்லையா உனக்கு?

மேலதிகாரியிடம் கெஞ்சிக் கூத்தாடி, அதே டிப்போவில் உனக்குப் பஸ் கழுவும் வேலை வாங்கித் தந்தவர் உன் அத்தான். பின்வாசல் பூட்டு சும்மா தொங்கும், இழுத்தால் கையோடு வந்துவிடும். இது உள்ளே வேலை பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். அவர்கள் அந்த வழியாகத்தான் வந்தார்கள். போலீஸ் இதை உன்னிடம் கேட்டதாகத் தெரியவில்லை. நான் கேட்கிறேன்.

இனி தினமும் வழிபாட்டுக் கூடத்தில் போய் உட்காருவாய். இரண்டு கண்ணையும் மூடிக்கொள். பூட்டைப் பற்றி அவர்களிடம் சொன்னது நீயா, இல்லையா என்று முதலில் கடவுளிடம் சொல். பிறகு அதே பதிலை எனக்கு எழுது. இல்லை என்ற அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நேற்று கூண்டில் ஏறினேன்.

அது வரும்வரை உனக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது. உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
இன்னும் உன் அக்கா