ஆள் பத்தாத ஊரின் கபடி

எல்லாவற்றையும் உள்ளபடியே எழுதப்போகிறேன். கூட்டிச் சொன்னால் உனக்குச் சிரிப்பு வரும். குறைத்துச் சொன்னால் எனக்குத் தூக்கம் வராது.

இன்று சாயங்காலம் பள்ளி மைதானத்தில் கோடு போட்டார்கள். சுண்ணாம்புத் தூளின் வாசனை வகுப்பறை வரைக்கும் வந்தது. அந்தத் தூளை உள்ளங்கையில் தேய்த்துக்கொண்டு என் துப்பட்டாவில் துடைப்பாயே, அந்த வாசனை. காய்ச்சலோடு தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குப் போன நீ திரும்பி வரவில்லை. அதன் பிறகு நம் அணி களமிறங்கியது இன்றுதான்.

நம் சண்டை இன்னும் தீரவில்லை. உனக்குக் காய்ச்சல் வருவதற்கு முன், கபடி எங்கே பிறந்தது என்று பேச்சுப் போட்டிக்காக நூலகத்தில் தேடினேன். ஈரானில் தங்களுடையது என்கிறார்கள். வடக்கே ஒரு புராணக் கதையைக் காட்டுகிறார்கள். நம் பக்கத்தில், சடுகுடு ஆதியிலிருந்தே இங்கே உண்டு என்கிறார்கள். எதற்கும் உறுதியான சான்று இல்லை. வாய்க்கால் மதகில் உட்கார்ந்து இதையெல்லாம் உனக்குப் படித்துக் காட்டினேன்.

“இவ்ளோ படிச்சும் தெரியலையா? ஏன்டி, அவுட்டானவளுக்குத் திரும்ப உயிர் குடுக்குற ஆட்டத்த யாரு கண்டுபிடிச்சிருப்பா? ஆள் பத்தாத ஊர்க்காரங்கதான். நம்ம ஊருதான். எழுது.”

“சான்று இல்லாம எழுத மாட்டேன்.”

“போடி, பெரிய சான்று!”

சம்பா அறுத்த வயலில் ஆடும்போது, ஏழாவது ஆளுக்காக ஆடு மேய்த்தவளைக்கூட இழுத்து வந்தவள் நீ.

இன்றும் ஆள் பத்தவில்லை. பக்கத்து ஊர்ப் பள்ளி அணி வந்து காத்திருந்தது. நம் அணித் தலைவி செல்வி, என் கையிலிருந்த புத்தகத்தைப் பிடுங்கிக் கீழே வைத்தாள்.

“டீச்சரம்மா, எறங்கு. சும்மா நின்னா போதும்.”

நின்றேன். எதிரணிப் பெண் பாடி வந்த முதல் தடவையே என் தோளைத் தொட்டுவிட்டு ஓடிவிட்டாள். வெளியே போய் உட்கார்ந்தேன். எனக்கு முன்னால் ஓர் ஆள் உட்காரும் இடத்தை விட்டிருக்கிறேன் என்பதை அப்புறம்தான் கவனித்தேன்.

கொஞ்ச நேரத்தில் செல்வி ஒருத்தியை மடக்கிப் பிடித்தாள். “உனக்கு உயிர் வந்துடுச்சு, உள்ள வாடி!”

என்னால் எழுந்திருக்க முடியவில்லை. முதலில் வெளியே போனவளுக்குத்தான் முதல் உயிர். நீ எத்தனையோ முறை சொன்ன விதி அது. எனக்கு முன்னால் போனவள் நீ.

“என்னடி, யாரப் பாக்குற?” என்றாள் செல்வி. பிறகு அவளும் அந்தக் காலி இடத்தைப் பார்த்தாள். எதிரணிகூட அவசரப்படுத்தவில்லை. நான் உள்ளே போனேன்.

பேச்சுப் போட்டி நாளைக்கு. ஈரானையும் வடக்கையும் சடுகுடுவையும் சொல்வேன். சான்று இல்லை என்றும் சொல்வேன். கடைசியில் நீ சொன்னதைச் சொல்வேன். ஆள் பத்தாத ஊர்க்காரர்கள்தான் இந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்திருக்க வேண்டும். யாராவது சான்று கேட்டால், எங்கள் அணியைக் காட்டுவேன்.

மைதானத்து ஓரத்தில், தெருவிளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். உள்ளங்கைச் சுண்ணாம்பை என் துப்பட்டாவில் இன்று நானே துடைத்துக்கொண்டேன். எல்லோரும் போய்விட்டார்கள். மைதான விளக்கை அணைத்துவிட்டார்கள்.