சாத்தியிருக்குது என்று சொன்ன கதவு

அக்கா,

இன்று அலுவலகத்தில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒரு மருத்துவமனையின் இணையப் பக்கத்தைச் சோதித்துக்கொண்டிருந்தேன். பார்வையில்லாதவர்களுக்குத் திரையைப் படித்துச் சொல்லும் குரல் ஒன்று இப்போது இருக்கிறது. உனக்குத்தான் அது வாய்க்கவில்லை. அந்த இணையப் பக்கத்தில் வரிசையாகக் கேள்விகள். ஒன்றை அழுத்தினால் அதன் கீழே பதில் விரியும். குரலோ கேள்வியை மட்டும் படித்துவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டது. அங்கே திறக்க ஒன்று இருக்கிறது, அது மூடியிருக்கிறது என்று ஒரு வார்த்தை இல்லை. அதைச் செய்த இன்ஜினியரைக் கூப்பிட்டுக் கேட்டேன். "பாத்தாலே தெரியுதுங்களே மேடம்" என்றார். வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டிவிட்டேன்.

மலைமேல் வெள்ளக்கடையில் அப்பா காப்பி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்த காலத்தில், நம் வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. காய்ச்சலில் உன் பார்வை போன வருஷம், பாதி திறந்திருந்த கதவு உன் நெற்றியைப் பிளந்ததே, அதற்குப் பிறகு நீ போட்ட சட்டம். கதவைத் தொட்டவர் "தொறந்திருக்குது" என்றோ "சாத்தியிருக்குது" என்றோ சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் நகர வேண்டும். விருந்தாளிகள் சிரிப்பார்கள். "இருக்கறத மட்டும் சொல்லுங்க. தொறக்கறதும் தொறக்காததும் எம்பாடு" என்பாய்.

என்னைப் பெண் பார்க்கச் சேலத்திலிருந்து வந்த அன்று, அம்மா உன்னைக் காப்பிக்கொட்டை மூட்டைகள் கிடந்த அறைக்குள் இருக்கச் சொன்னாள். கண் தெரியாத அக்கா இருப்பது தெரிந்தால் சம்பந்தம் தட்டிப்போகுமாம். நான் கத்தினேன். நீதான், "அவ நல்லாயிருந்தாப் போதும்" என்று நீயாகவே உள்ளே போனாய். "சாத்தியிருக்குது கண்ணு" என்றாள் அம்மா. சொல்லிக்கொண்டே வெளியே தாழ்ப்பாளையும் போட்டாள். சத்தம் கேட்காமலிருக்க அதற்குக் காலையிலேயே தேங்காய் எண்ணெய் விட்டிருக்கிறாள். நம் வீட்டுச் சட்டத்தை வைத்தே உன்னை ஏமாற்றலாம் என்று பெற்றவளுக்குத்தான் தோன்றியது.

கேசரித் தட்டு கைமாறும்போது அந்தக் கதவு ஆடியது. உள்ளே மூச்சு முட்டியதோ என்னவோ, நீ கொஞ்சம் விலக்கப் பார்த்திருக்கிறாய். கதவு வரவில்லை. மாப்பிள்ளையின் அம்மா திரும்பிப் பார்த்தார்.

"ஏனுங்க, உள்ள ஆருங்க?"

"நாயிங்க. நொம்பப் பொல்லாதது, அதான் அடைச்சு வெச்சிருக்குது" என்றாள் அம்மா, முகம் மாறாமல்.

கதவு ஆடுவது நின்றது. பிறகு நீ குரைத்தாய்.

"நல்ல ஜாதி நாயா இருக்கும்போல" என்று மாப்பிள்ளை சிரித்தான். நான் எழுந்துபோய்த் தாழ்ப்பாளை இழுத்தேன். "தொறந்திருக்குது அக்கா" என்றேன். கதவுக்குப் பின்னால் நீ புதுப்புடவை கட்டிக்கொண்டு நின்றாய். வந்தவர்கள் காப்பியைக்கூடத் தொடாமல் எழுந்துபோனார்கள்.

"ஒருத்தி குருடு, ஒருத்தி திமிரு. நான் எங்க போயி முட்டிக்கறது?" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அதை நான் என்றைக்கோ உதறிவிட்டேன். நீ சொன்னதுதான் இன்னும் அறுக்கிறது.

"உன்னய ஆருடி தொறக்கச் சொன்னா? நான் கொரச்சதெல்லாம் வீணாப் போச்சே."

அதன்பிறகு எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. நீ என்னோடு முகம் கொடுத்துப் பேசவும் இல்லை. சாகும்வரை எவர் சொல்லையும் நம்பாமல், ஒவ்வொரு கதவையும் மேலிருந்து கீழ்வரை தடவிப் பார்த்துத்தான் நடந்தாய். உன்னை அப்படி ஆக்கிவிட்டுத்தான் அம்மாவும் போய்ச்சேர்ந்தாள்.

மாலைக்குள் இன்ஜினியர் பக்கத்தைச் சரிசெய்துவிட்டார். இப்போது குரல் கேள்வியைப் படித்ததும், "பொத்தான், மூடியுள்ளது" என்கிறது. அழுத்தினால், "திறந்துள்ளது" என்கிறது. தானாக எதுவும் விரிவதில்லை. திறப்பதா வேண்டாமா என்பது கேட்பவர் பாடு. ஊராரின் இணையப் பக்கங்களிலெல்லாம் உன் சட்டத்தைப் பிசகாமல் காக்கிறேன்.

அந்தச் சட்டப்படி அன்றைக்கு உன்னைக் கேட்டுத்தான் நான் திறந்திருக்க வேண்டும். தெரியும். கோபித்துக்கொள் அக்கா. நீ இன்னொரு தடவை குரைத்தாலும் நான் கேட்காமல்தான் திறப்பேன்.