திங்கட்கிழமை விடுமுறை

ஜூன் 27, வியாழன்

புதுக் கால அட்டவணை வந்துவிட்டது. என் பெயருக்கு எதிரே ஒரே ஒரு வகுப்பு. இரண்டாம் ஆண்டு, 'நகரமும் கலைகளும்', திங்கள் பிற்பகல். பாடப் புத்தகம் கிடையாது. பிள்ளைகளை அருங்காட்சியகம், ஓவியக்கூடம், நாடக அரங்கம், இசை அரங்கம் என்று கூட்டிக்கொண்டு போய்க் காட்ட வேண்டுமாம்.

துறைத்தலைவி என்னைவிட இளையவர். தனியாக இருக்கும்போது அக்கா என்றுதான் கூப்பிடுவார். "நின்னு கத்த வேண்டாம்க்கா, கூட்டிட்டுப் போய்க் காட்டினாப் போதும். இந்தப் பருவம் பாப்போம். சரிவரலைன்னா தேர்வுப் பிரிவுல உக்காந்துக்கலாம். அங்க பேசவே வேண்டியதில்ல" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். எனக்குத்தான் 'தேர்வுப் பிரிவு' மட்டும் காதில் தங்கிவிட்டது.

தொண்டை அறுவைக்குப் பிறகு உயிர் முழுசாக மிஞ்சியது, குரல் பாதிதான் மிஞ்சியது. போன பருவம் மின்விசிறிச் சத்தத்தைத் தாண்டி மூன்றாவது பெஞ்சுக்கு என் பேச்சு போய்ச் சேரவில்லை. கழுத்தில் மாட்டும் மைக்கையும் பார்த்தாயிற்று. அது என் மூச்சைத்தான் ஊருக்கெல்லாம் கேட்க வைத்தது. இத்தனை வருஷம் பாடம் நடத்தினவ நான். விடைத்தாள் கட்டுக்கு நூல் சுத்தறதுக்கா போகணும்? மாட்டேன்.

ஜூன் 29, சனி

முதல் பயணம் அருங்காட்சியகத்துக்கு. முன்கூட்டியே ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். துணைக்கு வீட்டுக்காரரும் வந்தார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு எல்லாவற்றையும் குறித்தேன் - எந்தப் பேருந்து, எங்கே நிழல், கழிவறை எந்தப் பக்கம், எந்த அறையில் இருபது பேரும் நெருக்கியடிக்காமல் நிற்கலாம். "போர்க்களத்துக்குப் போற மாதிரி இல்ல இருக்கு" என்று இவர் கேலி செய்தார்.

உள்ளே திருவிழாக் கூட்டம். குழந்தைகள் ஓட, பெற்றோர் துரத்த, ஒரே இரைச்சல். இதில் என் குரல் எடுபடுமா? அதை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

ஜூலை 1, திங்கள்

எழுதவே கை வரவில்லை.

இருபது பேரையும் வெயிலில் கூட்டிக்கொண்டு போய் நின்றால், வாசல் கதவில் பூட்டு. கதவிலேயே ஆள் உயரத்துக்குப் பலகை - திங்கட்கிழமை விடுமுறை. சனிக்கிழமை கதவு திறந்து மடங்கியிருந்ததில் பலகை உட்பக்கமாக இருந்திருக்கிறது. பேருந்து எண் வரைக்கும் குறித்தவள் கிழமையைக் கோட்டை விட்டிருக்கிறேன். யாரிடம் சொல்லி அழ?

நடைபாதையில் நின்று விஷயத்தைச் சொன்னேன். போக்குவரத்து இரைச்சலில் எனக்கே நான் பேசியது கேட்கவில்லை. பிள்ளைகள் என் உதட்டையே பார்த்தார்கள். முன்னால் நின்ற ஒரு பெண் - தோழிகள் அவளை 'லவுட்ஸ்பீக்கர்' என்றுதான் கூப்பிடுகிறார்கள் - திரும்பி நின்று தெருவே கேட்கும்படி, "மூடியிருக்காம், வீட்டுக்குப் போகலாமாம்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தில் இல்லை. ஆனாலும் சிரித்தார்கள்.

தேர்வுப் பிரிவுக்கே போயிடலாமா? அங்க யாரும் சிரிக்க மாட்டாங்க.

ஜூலை 2, செவ்வாய்

கிழமையை மாற்ற முடியாதாம். மற்ற நாள்களில் அந்தப் பிள்ளைகளுக்கு வேறு வகுப்புகள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன.

என் பட்டியலில் இருந்த மற்ற இடங்களுக்கும் இவர்தான் தொலைபேசினார். நான் பேசினால், "லைன் சரியில்லீங்க" என்று வைத்துவிடுகிறார்கள். ஓவியக்கூடம் - திங்கள் விடுமுறை. நாடக அரங்கம் - திங்கள் விடுமுறை. இசை அரங்கமும் அதே பாட்டு. எல்லோரும் கூடிப் பேசி முடிவு செய்த மாதிரி.

கடைசி அழைப்பை முடித்துவிட்டு இவர் சொன்னார்: "மூடியிருக்குன்னு சொல்றதுக்கு எல்லா இடத்துலயும் ஒரு ஆள் இருக்காங்க பாத்தியா. நேத்து அருங்காட்சியகத்துக்குப் போன் பண்ணியிருந்தாக்கூட உள்ளேருந்து ஒருத்தர் எடுத்திருப்பாரு."

அவர் வேடிக்கைக்குத்தான் சொன்னார். எனக்குள் அது சுற்றிக்கொண்டே இருக்கிறது. பூட்டிய கதவுக்குள்ளே திங்கட்கிழமை என்னதான் செய்கிறார்கள்?

ஜூலை 3, புதன்

நாலு இடத்துக்கும் கடிதம் அனுப்பிவிட்டேன். 'உங்கள் விடுமுறை நாளில்தான் எங்களுக்கு வர முடியும். நீங்கள் செய்யும் வேலையை ஓரமாக நின்று பார்த்துவிட்டுப் போய்விடுகிறோம்.' கிறுக்கு என்று நினைப்பார்கள். நினைக்கட்டும்.

ஜூலை 11, வியாழன்

அருங்காட்சியகக் காப்பாளர் அம்மாள் பதில் போட்டுவிட்டார். 'பக்கவாட்டுக் கதவைத் தட்டுங்கள். கண்ணாடிப் பெட்டிகளைத் திறந்து வைத்திருக்கும் நாள். கையைப் பையில் வைத்துக்கொள்ளும் பிள்ளைகளாக இருந்தால் வரலாம்.' கடிதத்தை இவரிடம் படித்துக் காட்டினேன். இரண்டு தடவை.

ஜூலை 15, திங்கள்

இன்றைக்கு நடந்ததை ஒழுங்காக எழுதி வைக்க வேண்டும்.

உள்ளே ஆள் அரவமே இல்லை. பாதி விளக்குகள் அணைந்திருந்தன, மின்விசிறிகள் நின்றிருந்தன. பாய்மரக் கப்பலின் பெரிய மர மாதிரி ஒன்றைக் கண்ணாடிப் பெட்டியிலிருந்து எடுத்து மேசையில் வைத்து, ஒருவர் மெல்லிய தூரிகையால் தூசி தட்டிக்கொண்டிருந்தார். மற்ற நாள்களில் அதன் பக்கவாட்டைத்தான் பார்க்கலாம். இன்றைக்கு மேல்தளம் தெரிந்தது. அங்கே கயிற்றுச் சுருளின் நடுவே நகத்தளவு மரப்பூனை ஒன்று படுத்திருந்தது.

"பெட்டிக்குள்ள வச்சா இது யார் கண்ணுக்கும் படாது. அப்ப செஞ்சவர் இதை யாருக்காகச் செஞ்சிருப்பார்?" என்று கேட்டேன். கேட்கும் என்று எதிர்பார்த்துக் கேட்கவில்லை. பழக்க தோஷம்.

எல்லோருக்கும் பின்னால் தூணில் சாய்ந்திருந்த பையன், "அவருக்காகத்தான் மேடம். அலுப்பா இருந்திருக்கும்" என்றான்.

அவனுக்குக் கேட்டிருக்கிறது. அவ்வளவு தூரத்தில் நின்றவனுக்கு. இன்னொருத்தி மறுத்தாள், கப்பல்காரர்கள் எல்லோரும் பூனை வளர்ப்பார்கள் என்றாள். நான் ஒன்று சொன்னேன். அதற்கும் பதில் வந்தது. தொண்டைத் தண்ணி வற்றக் கத்தாமல், ஒரு மணி நேரத்துக்கு மேல் பாடம் நடத்தியிருக்கிறேன்.

கழிவறைக்குப் போய் நன்றாக அழுதேன். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தால் காப்பாளர் அம்மாள் நாற்காலியை இழுத்துப் போட்டார். அவருக்கு என் நன்றியைச் சொன்னேன். எதற்கு என்று அவருக்குப் புரிந்திருக்காது.

ஆகஸ்ட் 5, திங்கள்

நாடக அரங்கம். மேடைக்கு மேலே தொங்கும் விளக்குகளையெல்லாம் கீழே இறக்கித் துடைத்துக்கொண்டிருந்தார்கள். நிலவு என்று நாம் நம்புகிற வெளிச்சம் ஒரு நீலத் தாளில் இருக்கிறது. லவுட்ஸ்பீக்கர் அதை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, "மேடம், நீங்க நீலமா இருக்கீங்க" என்றாள். விளக்குக்காரர் சிரித்துவிட்டு ஆளுக்கொரு துணியைக் கையில் கொடுத்தார். பிள்ளைகள் வீட்டில் இப்படித் துடைப்பார்களா என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 19, திங்கள்

ஓவியக்கூடம். மழை. ஒருவர்கூட மட்டம் போடவில்லை.

செப்டம்பர் 2, திங்கள்

இசை அரங்கத்தில் பியானோவுக்குச் சுருதி கூட்டும் நாள். கூட்டுகிறவர் கொஞ்சம் சிடுமூஞ்சி. நுழைந்ததுமே, "இருமுறவங்க வெளிய போயிடுங்க. பேனா மூடியத் திறக்கற சத்தம்கூட எனக்கு ஆகாது" என்று குண்டைத் தூக்கிப் போட்டார். லவுட்ஸ்பீக்கர் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

அவர் ஒரு கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தபோது, நான் என்னையும் அறியாமல் பக்கத்தில் நின்ற பிள்ளைகளிடம் எதையோ விளக்க ஆரம்பித்துவிட்டேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். செத்தோம் என்று நினைத்தேன்.

"நீங்க பேசலாம்" என்றார். "மத்தவங்க யாரும் வாயத் திறக்கக் கூடாது. இந்த அம்மா பேசட்டும். இவங்க குரல் என் கம்பிய இடிக்கல."

வீட்டுக்கு வந்து சொன்னேன். இவர் செய்தித்தாளை மடித்து வைத்தார். "நாளைக்கு நான் போய் அந்த ஆளுக்கு ஒரு காபி வாங்கிக் குடுத்துட்டு வரேன்" என்றார். மடித்த செய்தித்தாளையே எடுத்து மறுபடியும் மடித்தார். ஆஸ்பத்திரி நாள்களில்கூட என் எதிரில் கலங்காத மனுஷர்.

செப்டம்பர் 28, சனி

நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. இப்போது இது.

பருவத்தின் கடைசி வகுப்பைக் கல்லூரியிலேயே நடத்த வேண்டுமாம், துறைத்தலைவி உட்கார்ந்து பார்ப்பாராம். "விதி அப்படிக்கா, எல்லாருக்கும்தான்" என்றார். அதே அறை. அதே மின்விசிறிகள். பூட்டிய அரங்கத்துக்குள் பேசிவிட்டேன், சரி. அது எனக்காக ஊரே வாயை மூடிக்கொண்டிருந்த மாதிரி. கல்லூரி அப்படி மூடிக்கொள்ளுமா? அவருக்குக் கேட்கலைன்னா முடிஞ்சுது. தேர்வுப் பிரிவுதான்.

இவர் வெந்நீர் வைத்துக் கொடுத்தார்.

செப்டம்பர் 30, திங்கள்

மாடிப்படி ஏறினேன். துறைத்தலைவி எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார், அறை வாசலில் நின்றுவிட்டார். கதவு சாத்தியிருந்தது. அதில் அட்டை ஒன்று ஒட்டியிருந்தது. பெரிய எழுத்தில், பிள்ளைகளின் கையெழுத்தில்:

திங்கட்கிழமை விடுமுறை. உள்ளே வேலை நடக்கிறது.

திறந்தால் உள்ளே அனல். மின்விசிறிகள் எல்லாம் நின்றிருந்தன. தெருப் பக்கத்து ஜன்னல்களை இழுத்துச் சாத்தியிருந்தார்கள். பெஞ்சுகளை முன்னால் தள்ளிப் போட்டு இருபது பேரும் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள், நெற்றியெல்லாம் வேர்வை. யாரும் எழுந்து வணக்கம்கூடச் சொல்லவில்லை, பெஞ்சு நகரும் சத்தம் வரும் என்று.

துறைத்தலைவி கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்து, கையிலிருந்த ஃபைலை விசிறியாக்கிக்கொண்டார். "ஃபேன் போட்டுக்கலாமே" என்றார்.

லவுட்ஸ்பீக்கர் திரும்பினாள். அவளுக்கு அவ்வளவு மெல்லிய குரல் இருக்கிறது என்று எனக்கு இன்றுதான் தெரியும். "வேணாம் மேடம். அவங்க பேசறது கேக்காது."

பேசினேன். கப்பல் பூனையில் ஆரம்பித்தேன். நடுவில் துறைத்தலைவி வீசுவதை நிறுத்திவிட்டு ஃபைலை மடியில் வைத்துக்கொண்டதைப் பார்த்தேன்.

முடிந்ததும் புடவைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே என்னிடம் வந்தார். "அடுத்த பருவம் புதன்கிழமை காலி இருக்குக்கா. ஊர்ல எல்லாம் திறந்திருக்கும். உங்க பேர அதுல போட்டுடவா?"

"திங்களே இருக்கட்டும்" என்றேன்.

வெளியே வந்தபோது அட்டை கதவிலேயே இருந்தது. துறைத்தலைவி அதைத் தாண்டிப் போனார். நானும் எடுக்கவில்லை.