எலேனா மொழிபெயர்த்த சொல்

என் அன்புள்ள றோசா அக்காவுக்கு,

நீங்கள் இல்லாமல் ரொறொன்ரோவில் இது இரண்டாவது பனிக்காலம். தமிழில்தான் எழுதுகிறேன். நீங்கள் இருந்தபோது உங்கள் ஆங்கிலமும் என் ஆங்கிலமும் சேர்ந்து தடுமாறின. இப்போது நீங்கள் இருக்கும் இடத்தில் எந்தப் பாஷையும் விளங்கும் என்று நம்புகிறேன்.

இதை வாசிக்கும் எங்கட ஆக்களுக்கு உங்களை யாரென்று சொல்ல வேண்டும். எண்பதுகளின் கடைசியில் எல் சல்வடோர் நாட்டுச் சண்டைக்குத் தப்பி, கைக்குழந்தை எலேனாவோடு வந்தவர் நீங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவள் நான். சென் ஜேம்ஸ் ரவுணில் ஒரே கட்டடம், ஹோட்டல் விரிப்புகளைத் தோய்த்து மடிக்கும் ஒரே தொழிற்சாலை. விரிப்பின் ஒரு பக்கத்தை நீங்கள் பிடிப்பீர்கள், மறுபக்கத்தை நான்.

என் மகன் பிறந்தபோது பத்தியக் கறி வைத்துத்தர எனக்கு இங்கே ஒருவரும் இருக்கவில்லை. நீங்கள் கோழி சூப் சட்டியோடு வாசலில் வந்து நின்றீர்கள். பிள்ளையை வாங்கிக்கொண்டு, போய்ப் படு என்று கையாலேயே காட்டினீர்கள். அன்றிலிருந்து நீங்கள் எனக்கு அக்கா.

பிறகு ஒரு மார்கழியில் உங்கள் வலது கை மேலே எழும்ப மறுத்தது. விரிப்பு உங்கள் பக்கம் சரிந்துகொண்டே இருந்தது. குளிர் என்றீர்கள். நான் நம்பவில்லை. வேலையிடத்து ரொய்லற்றுக்குள் இழுத்துப் போனேன். நீங்கள் சட்டைப் பொத்தானைக் கழற்றினீர்கள். ஒரு பக்கத்து மார்பின் தோல் ஆரஞ்சுத் தோடம்பழத் தோல்போலக் குழி விழுந்து தடித்திருந்தது.

"எப்பவிலிருந்து அக்கா?" என்று எங்கள் அரைகுறை ஆங்கிலத்தில் கேட்டேன்.

"கோடைக்கு முதலே."

"டொக்ரரிட்டைக் காட்டேல்லையோ?"

"போனனான். நெஞ்சிலை ஒண்டுமில்லையாம்."

நடந்தது எனக்குப் பிறகுதான் விளங்கியது. உங்கள் ஸ்பானிஷ் பாஷையில் 'பெச்சோ' என்றால் நெஞ்சும் அதுதான், மார்பும் அதுதான். துணைக்குப் போன எலேனாவிடம் 'பெச்சோவில் பாரமாக இருக்கிறது' என்று மட்டும் சொல்லியிருக்கிறீர்கள். பதினொரு வயதுப் பிள்ளைக்கு முன்னால் அதற்குமேல் எந்தத் தாய் விளக்குவாள்? அவள் அதை நெஞ்சு என்று ஆங்கிலத்தில் சொன்னாள். டொக்ரர் குழாயை வைத்துப் பார்த்தார், நுரையீரலைப் படம் எடுப்பித்தார், ஒன்றுமில்லை என்று அனுப்பினார். அவர் சட்டையைக் கழற்றச் சொல்லவில்லை. நீங்களும் கழற்றவில்லை. எங்கள் பெண்களும் இப்படித்தானே? நாங்களும் 'நெஞ்சு நோ' என்றுதானே சொல்லியிருப்போம்?

அடுத்த நாள் நான் வேலைக்கு லீவு போட்டு உங்களோடு வேறொரு கிளினிக்குக்கு வந்தேன். அங்கே பெண் டொக்ரர். மார்புக்கு எனக்குத் தெரிந்த அந்த ஒரு ஆங்கிலச் சொல்லை, வெளியில் இருந்தவர்களுக்கும் கேட்கும்படி சொன்னேன். உங்களுக்கு வெட்கத்தில் முகம் சிவந்தது. தொட்டுப் பார்த்ததும் டொக்ரரின் முகம் மாறியது.

ஆஸ்பத்திரியில் உங்கள் பக்கத்துக் கட்டிலில் ஒரு ரீச்சர் இருந்தா, நினைவிருக்கிறதா? இந்த ஊரிலேயே பிறந்த வெள்ளைக்காரி. அவவுக்கு நோ ஒன்றும் இருக்கவில்லையாம். அவவின் குடும்ப டொக்ரர்தான், வயது வந்துவிட்டது, ஒருக்கா மார்பைப் படம் எடுத்துப் பார்ப்போம் என்று அனுப்பினாராம். கட்டியைப் பயறளவிலேயே கண்டுபிடித்து வெட்டி எடுத்துவிட்டார்கள். அவ வீட்டுக்குப் போன அன்று உங்களுக்கு முத்தம் தந்துவிட்டுப் போனா. உங்களுக்குப் புற்றுநோய் அதற்குள் முதுகெலும்பு வரை பரவியிருந்தது. பெரிய டொக்ரர் வேகமாகச் சொல்லிக்கொண்டே போனார். நீங்கள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினீர்கள். ஸ்பானிஷ் தெரிந்த ஒருவரை அவர்கள் பிடித்துக் கொண்டுவந்தபோது மருந்து ஏற்றத் தொடங்கியே கனநாள் ஆகியிருந்தது.

"அவவுக்குப் படம் எடுக்கச் சொல்லி ஒராள் இருந்தவர்," என்றீர்கள் அந்தக் காலியான கட்டிலைப் பார்த்து. "எங்களுக்கு ஆர் சொல்லுவினம்?"

ஒரே நோய், ஒரே ஆஸ்பத்திரி. வைத்தியத்துக்குக் காசு கேட்காத நாடு. ஆனாலும் அவ பிழைத்தா, நீங்கள் போய்விட்டீர்கள். இதை நான் யாரிடம் போய்க் கேட்பது?

இனி இங்கத்தைய புதினம். எங்கள் கட்டடத்தின் கீழ் அறையில் சனிக்கிழமைகளில் பெண்கள் கூடுகிறோம், உங்கள் ஆக்களும் எங்கள் ஆக்களும். ஒரு தாதி வந்து ரப்பர் மார்பு ஒன்றை மேசையில் வைத்துக் கட்டியை எப்படித் தேடுவதென்று காட்டுகிறா. முதல் நாள் ஒருவரும் அதைத் தொடவில்லை. பிறகு ஒருத்தி சிரிக்க, எல்லோரும் சிரித்து, ஆளுக்காள் பறித்துப் பார்த்தார்கள். நீங்கள் இருந்திருந்தால் எல்லாரையும் விட உரக்கச் சிரித்திருப்பீர்கள். எங்கள் மாடியில் இருக்கும் சரோ அன்ரி வீட்டில் தடவிப் பார்த்துச் சின்னதாக ஒன்றைக் கண்டுபிடித்தா. டொக்ரரிடம் நான் துணைக்குப் போனேன். ஒப்பரேஷன் முடிந்து, இப்போது திரும்பவும் வேலைக்குப் போகிறா.

எலேனா பக்கத்து ஊரான பிறம்ரனில் உங்கள் தங்கச்சியோடு இருக்கிறாள். உயர்ந்துவிட்டாள். போன மாதம் என் குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் திடீரென்று கேட்டாள். அவள் ஆங்கிலத்தில் கேட்டதும் நான் சொன்னதும் இங்கே தமிழில்.

"அன்ரி, நான் அண்டைக்குச் சரியான சொல்லைச் சொல்லியிருந்தா அம்மா இருந்திருப்பாதானே?"

இத்தனை நாளாக இதை அவள் தனியாகச் சுமந்திருக்கிறாள், அக்கா. கத்தியை வாங்கி வைத்துவிட்டு அவளைக் கட்டிப்பிடித்தேன்.

"இல்லை பிள்ளை. நீ சின்னப்பிள்ளை. அது உன்ர வேலையே இல்லை. அங்கை ஒரு பெரிய ஆள் இருந்து கேட்டுச் சொல்லியிருக்க வேணும். அந்த ஆளை வைக்காதது உன்ர பிழையில்லை."

அவள் தலையாட்டினாள். நீங்கள் ஆஸ்பத்திரியில் ஆட்டியதுபோலவே. அதனால் அவள் நம்பவில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

எந்தப் பெண் கேட்டாலும் நான் அவளோடு டொக்ரரிடம் போவேன், அக்கா. அவளுடைய பிள்ளை வெளியில் இருந்து விளையாடட்டும். எலேனா இந்தக் கேள்வியோடு திரும்ப வருவாள், எனக்குத் தெரியும். எப்போது வந்தாலும் இதே பதிலைச் சலிக்காமல் சொல்லுவேன், ஒரு நாள் அவள் நம்பும் வரைக்கும்.

உங்கள் கூடப் பிறக்காத தங்கச்சி,
வசந்தி