யாவரும் அறிந்த மெட்டு

18-11-1958

விடிந்ததிலிருந்து தூறல். தோல் ஷாப்பில் ஒரு தோலும் காயவில்லை என்று அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார், சாப்பிட்டார், போய்விட்டார். மழைக்கும் எனக்கும் ஏதோ சம்பந்தம் இருப்பதுபோல ஒரு பார்வை. மகள் நர்கீஸ் கல்யாணத்துக்கு யார் யாரை அழைப்பது என்று கேட்கலாமென்று இருந்தேன். கேட்கவில்லை.

பட்டுச் சேலைகளுக்குப் பூச்சி உருண்டை போடப் பெட்டியைத் திறந்தபோது அடியில் என் கல்யாண வாழ்த்துப்பா கிடைத்தது. ரோஸ் காகிதம், மடிப்பெல்லாம் கிழிந்துவிட்டது. அத்தா எழுதி அச்சடித்து எல்லோருக்கும் கொடுத்தது. கீழே ‘இயற்றியவர்: மணமகளின் தந்தை சேக் பரீது’ என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறது. துணிக்கடை வைத்திருந்தவருக்குப் புலவர் என்று பெயர் வாங்க ஆசை.

மல்லிகைப் பந்தலிலே – எங்கள்
மகளுக்கு வாழ்த்துரைப்போம்
பூட்டும் திறவுகோலும்போல் – நீங்கள்
பொருந்தி இருந்திடுவீர்

பாட்டுக்கு மேலே ‘மெட்டு: யாவரும் அறிந்தது’ என்று இருக்கிறது. யாவரும் என்றால் யார் அத்தா? உங்கள் மகளுக்கே தெரியவில்லையே.

20-11-1958

நேற்று முழுதும் அதே நினைப்பு. அன்றைக்கு எனக்குப் பதினாலு வயது. உள்ளறையில் முக்காடு போட்டுத் தலையைக் குனிந்து உட்கார வைத்திருந்தார்கள். அழுதழுது மூக்கு அடைத்திருந்தது. வெளியே அத்தாவின் தங்கை ஜெய்தூன் மாமி பாடினார்கள். என்ன மெட்டு என்று அப்போது யார் கவனித்தார்கள்? பெண்கள் எல்லோரும் சிரித்தது மட்டும் காதில் இருக்கிறது. வாழ்த்துப் பாட்டுக்கு எதற்குச் சிரிப்பு?

என் கல்யாணத்தோடு அந்தப் பாட்டும் நின்றுபோயிற்று. அதற்குப் பிறகு எந்த விசேஷத்திலும் யாரும் பாடவில்லை. சில வருடத்தில் அத்தாவும் போய்விட்டார். அவர் எனக்கென்று செய்தது இந்த ஒரு பாட்டுதான். நர்கீஸுக்கு மருதாணி இடும் அன்று இதைப் பாட வேண்டும். அத்தாவின் மெட்டிலேயே பாட வேண்டும்.

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். “பாடுனாப் போச்சு. இதுக்கு எதுக்கு இம்புட்டு யோசனை?” என்றார். பார்சலில் வரவழைத்துவிடலாம் என்று நினைப்பு.

2-12-1958

இன்று நர்கீஸை அடிக்கக் கை ஓங்கிவிட்டேன். கல்யாணம் நிச்சயமான பெண்.

பக்கத்து வீட்டு அன்னாளும் அவளும் அந்தக் காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு, சிலோன் ரேடியோவில் ஓயாமல் ஓடுகிற ஒரு சினிமாப் பாட்டின் மெட்டில் அத்தாவின் வரிகளைப் போட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். அன்னாள் வீட்டில் ரேடியோ வந்த நாளிலிருந்து இவளுக்குச் சோறு தண்ணீர்கூட வேண்டாம்.

“அம்மா, எப்படி ஒக்காருது பாருங்க! நன்னா இதுக்குன்னே எழுதுன மாதிரி இருக்கு” என்கிறாள். அத்தாவைத்தான் நன்னா என்கிறாள்.

“உன் நன்னா மவுத்தாகி எத்தனை வருசம் கழிச்சு வந்த பாட்டுடி அது? குடு இங்க!” என்று பிடுங்கினேன். மடிப்பில் இன்னும் கொஞ்சம் கிழிந்தது. அன்னாள் சத்தமில்லாமல் வீட்டுக்குப் போய்விட்டாள். நர்கீஸ் இரவுச் சாப்பாட்டில் தொட்டுக்கொள்ள வெஞ்சனம்கூட என்னிடம் கேட்கவில்லை.

9-12-1958

மைக் செட்டு சூசைமாணிக்கம் கல்யாணத்துக்குப் பேச வந்தார். கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன், பழைய நாடகப் பாட்டுப் பிளேட்டு இருக்கிறதா என்று. அத்தா நாடகப் பைத்தியம், எடுத்திருந்தால் அங்கேயிருந்துதான் எடுத்திருப்பார்.

“இருக்குங்கம்மா, ஒரு பெட்டி கெடக்கு. இப்ப யாரும் கேக்குறதில்ல. பாட்டுப் பேரு சொல்லுங்க, எடுத்துத் தாரேன்” என்றார். பேர் தெரிந்தால் நான் ஏன் உன்னைக் கேட்கிறேன் ஐயா?

நல்ல மனுஷன். சாயங்காலம் பெட்டியோடும் கிராமபோனோடும் வந்து ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினார். பாதி பிளேட்டில் பாட்டைவிடக் கரகரப்புதான் அதிகம். கையில் காகிதத்தை வைத்துக்கொண்டு வாய்க்குள் சேர்த்துப் பாடிப் பார்த்தேன். முதலில் ஒன்று பொருந்தியது, மறுபடியும் போடச் சொன்னேன். அடுத்த பிளேட்டிலும் பொருந்தியது. அதற்கடுத்த ஒன்று இன்னும் நன்றாகப் பொருந்தியது.

அப்புறம்தான் உறைத்தது. இந்த வரிகள் எதில் வேண்டுமானாலும் உட்காரும். நர்கீஸ் சொன்னது சரிதான். அதை அவளிடம் சொல்வேனா?

10-12-1958

எதிர்வீட்டு குர்ஷித் பேகம் எனக்கு மூத்தவள், என் கல்யாணத்துக்கு வந்தவள். கேட்டதற்கு உடனே பாடிக்காட்டினாள். கடைசியில் பார்த்தால் அது அவளுடைய தம்பி கல்யாணத்துப் பாட்டு.

21-12-1958

ஆயக்குடி போய் வந்தேன். இனி ஜெய்தூன் மாமியைத் தவிர வேறு ஆளில்லை.

மாமி கொய்யாத் தோப்பு ஓரத்து வீட்டில் மகன் பக்ருதீனோடு இருக்கிறார்கள். மாமா மவுத்தாகி வெகுகாலம். கல்யாணச் செய்தி கேட்டதும் என் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். நான் காகிதத்தை எடுத்து நீட்டினேன். வாங்கவில்லை. கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே இருந்தார்கள்.

“வேற எது வேணும்னாலும் கேளும்மா. அது மட்டும் வேணாம்.”

ஏன் என்று விடாமல் கேட்டேன். பக்ருதீன் தோப்புக்குள் போனபிறகு சொன்னார்கள். என் கல்யாணம் நடந்த வருடம் நம்மூர் மலைக்கோட்டை அடிவாரத்தில் ஒரு நாடகக் கம்பெனி தகரக் கொட்டகை போட்டதாம். அதில் பபூன் பாடிய ஒரு பாட்டு ஊரெல்லாம் பரவிவிட்டது. ஜட்கா வண்டிக்காரன்கூட அதைத்தான் பாடினானாம். அத்தா அந்த மெட்டைத்தான் பிடித்துக்கொண்டார்.

“நிக்காஹ் வாழ்த்துல கூத்துப் பாட்டுப் பேரைப் போட்டா பள்ளிவாசல்ல கேள்வி வரும்ல? அதான் அண்ணன் யாவரும் அறிந்ததுன்னு போட்டு வச்சாரு. எல்லாருக்கும் தெரியும், போதும்னாரு. நான் முதல் வரி பாடுனதுமே பொம்பளைங்க கண்டுக்கிட்டாளுக. வாயில வாழ்த்து, காதுல பபூன். எப்படிச் சிரிக்காம இருப்பாளுக?”

பந்தலில் மாமாவும் உட்கார்ந்திருந்தார். தன் பெண்டாட்டி கூத்தாடி மெட்டில் பாடுகிறாள் என்று பக்கத்தில் யாரோ சொல்லிவிட்டார்கள். அன்று சாயங்காலமே கைக்குழந்தையான பக்ருதீனின் தலையில் மாமியின் கையை வைத்து அழுத்தி, இனி வாய் திறந்து பாட மாட்டேன் என்று சத்தியம் வாங்கியிருக்கிறார்.

“அடிச்சாரா மாமி?”

“அடிச்சிருந்தா மறந்திருப்பேன்.”

ஹஜரத்திடம் கேட்டால் சத்தியத்துக்குப் பரிகாரம் சொல்வார்கள், மாமாவும் இல்லையே என்றேன். “அவுக இல்ல. மவன் இருக்கான்ல?” என்றார்கள். சரி, அந்த நாடகப் பாட்டின் முதல் வரியையாவது சொல்லுங்கள், பிளேட்டுத் தேடிக்கொள்கிறேன் என்றேன். அது பிளேட்டில் வரவே இல்லையாம். கொட்டகையோடு சரி. வரியைச் சொன்னால் மெட்டும் கூடவே வந்துவிடும், அது தனியாக நிற்காது என்றார்கள்.

“ஞாபகம் இருக்கா மாமி?”

மாமி எழுந்து தோப்புக்குப் போனார்கள். கூடை நிறையக் கொய்யா கட்டிக் கொடுத்தார்கள். எனக்குக் கொய்யாவைக் காணவே எரிச்சலாக இருந்தது.

27-12-1958

பபூன் பாட்டு என்றதும் அவர் கடைத்தெருவில் விசாரித்தார். ஆளுக்கொரு பபூன், ஆளுக்கொரு பாட்டு.

6-1-1959

பக்ருதீனிடமே சொல்லிவிட்டால் என்ன? “நீங்க பாடுங்கம்மா, எனக்கு ஒண்ணும் ஆகாது” என்று அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதுமே.

சொல்லிவிட்டு, நாளைக்கு அவனுக்கு ஒரு காய்ச்சல் வந்தால்? மாமி என்ன நினைப்பார்கள்? நான் என்ன நினைப்பேன்?

சொல்லப்போவதில்லை. ஆனால் ஆத்திரமாக இருக்கிறது. யார்மேல் என்று தெரியவில்லை. மாமா மேலா, ஒரு பெயரை எழுதப் பயந்த அத்தா மேலா?

7-2-1959

இன்று நர்கீஸுக்கு மருதாணி இட்டோம். மதியமே வீடு நிறைந்துவிட்டது. மாமி நேற்றே வந்துவிட்டார்கள். காகிதத்தை நான் வெளியே எடுக்கவில்லை. மெட்டு இல்லாவிட்டால் பாட்டும் வேண்டாம் என்று இருந்தேன்.

அடுப்படியில் இஞ்சி தட்டிக்கொண்டே அன்னாள் அதை முணுமுணுத்திருக்கிறாள். அந்த சினிமா மெட்டில், அத்தாவின் வரிகளை. காகிதத்தைப் பிடுங்கினால் என்ன, இரண்டு பேருக்கும் மனப்பாடம். மாமி பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். நான் அன்னாளை அதட்டப் போனேன். மாமி என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்திவிட்டு எழுந்து கூடத்துக்குப் போய், மருதாணிக் கையோடு உட்கார்ந்திருந்த நர்கீஸின் எதிரில் உட்கார்ந்தார்கள்.

“உங்க நன்னா பாட்டைப் பாடு, கேப்போம்.”

நர்கீஸ் என்னைப் பார்த்தாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். “பாடு” என்றேன்.

அவளும் அன்னாளும் பாடினார்கள். முதல் வரியிலேயே சிறுசுகளுக்குப் பாட்டு பிடிபட்டுவிட்டது. ஒரே சிரிப்பு, கைதட்டல். அந்த சினிமாவில் அது என்ன காட்சியோ, நான் பார்க்கவில்லை. ஒருத்தி முக்காட்டை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். மாமி முழங்காலில் விரலால் தாளம் போட்டார்கள். ஆனால் அந்தத் தாளம் இவர்கள் பாட்டோடு சேரவில்லை. முந்தியது, பிந்தியது. அவர்கள் வேறொன்றைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் அந்த விரலையே பார்த்தேன். தாளத்தை வைத்து மெட்டைப் பிடித்துவிட முடியுமா? நமக்கு அம்புட்டு ஞானம் ஏது!

முடிந்ததும் மாமி என் காதருகில் வந்து, “அன்னைக்கும் இப்படித்தாம்மா சிரிச்சாளுக. அண்ணன் இருந்திருந்தா இந்தப் புள்ளைக்கு இந்த மெட்டைத்தான் எடுத்திருப்பாரு” என்றார்கள்.

உண்மையாக இருக்கலாம். அதனால் என் மனசு ஆறிவிடுமா? ஆறவில்லை. எனக்கு வேண்டியது அத்தா இப்போது எதை எடுத்திருப்பார் என்பதல்ல. எனக்காக அன்றைக்கு எதை எடுத்தார் என்பது. அது எனக்கு முன்னால் ஒரு முழங்காலில் ஓடி முடிந்துவிட்டது.

9-2-1959

நேற்று நிக்காஹ் முடிந்தது. நர்கீஸ் பழனிக்குப் போய்விட்டாள். வீடு பெருக்கினேன். மறுபடியும் பெருக்கினேன்.

14-10-1960

மாமி மவுத். ஆயக்குடியிலிருந்து இப்போதுதான் வந்தோம்.

ஜனாஸா எடுத்துப்போன பிறகு பக்ருதீன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். கடைசி நாட்களில் என்ன சொன்னார்கள் என்று சும்மாதான் கேட்டேன்.

“பேச்சே இல்லக்கா. வாயைக் கெட்டியா மூடிக்கிட்டு தொண்டைக்குள்ளேயே ஏதோ முனகிக்கிட்டு இருந்தாங்க. ராகமாட்டம் இருந்துச்சு. ஒரே மாதிரி திரும்பத் திரும்ப. நான் காய்ச்சல்ல அனத்துறாங்கன்னு நெனச்சு ஈரத் துணி போட்டுக்கிட்டே இருந்தேன்.”

“எப்படி முனகுனாங்க? செத்த நேரம் யோசிச்சுச் சொல்லுப்பா.”

பாவம், கண்ணை மூடி முயன்று பார்த்தான். இரண்டு மூன்று சத்தம் வந்தது. தலையை ஆட்டினான். “வரலக்கா. முக்கியமாக்கா அது?” என்று கேட்டான்.

இல்லை என்றேன். தாய் போன வீட்டில் வேறு என்ன சொல்வது? இவன் உயிருக்காக வாயை மூடி வைத்திருந்தார்கள். கடைசியில் இவன் காதிலேயே போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். இவனுக்கு அது காய்ச்சல்.

யா அல்லாஹ், மாமியின் கபரை விசாலமாக்கி வை.

15-10-1960

அழுகை நிற்கவில்லை. அவர் தோல் ஷாப்புக்குப் போகாமல் வீட்டில் இருந்தார்.

26-8-1962

பக்ருதீன் கல்யாணத்துக்கு ஆயக்குடி போய்த் திரும்பினோம். நர்கீஸ் இடுப்பில் பிள்ளையோடு வந்திருந்தாள். சாப்பாடு முடிந்து பெண்கள் கூடியதும், யாரும் கேட்காமலே அத்தாவின் பாட்டைத் தொடங்கிவிட்டார்கள். நர்கீஸ் கல்யாணத்துக்கு அப்புறம் எல்லா வீட்டுக்கும் பரவியிருக்கிறது. பழனிக்காரப் பெண்களுக்குக்கூடத் தெரிந்திருந்தது. இப்போது யாரும் சிரிக்கவில்லை. அந்த சினிமாவும் பழையதாகிவிட்டது, ரேடியோவில் வேறு பாட்டுக்கள் வந்துவிட்டன. எல்லோரும் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு துஆ கேட்பதுபோல மரியாதையாகப் பாடினார்கள். ‘பொருந்தி இருந்திடுவீர்’ வந்தபோது நானும் சேர்ந்து பாடிக்கொண்டிருக்கிறேன் என்று தெரிந்தது.

மணப்பெண்ணின் தங்கை, சின்னவள், என்னிடம் வந்து, “இதை உங்க அத்தாதான் எழுதுனாங்களாமே. அந்தக் காலத்துலயும் இதே மெட்டுலதான் பாடுனாங்களா?” என்று கேட்டாள்.

“ஆமா” என்றேன்.

திரும்பும்போது பஸ்ஸில் அவர் தூங்கிவிட்டார். நான் அத்தாவை நினைத்துக்கொண்டு வந்தேன். கடை அடைத்து வந்து, அம்மா காபி கொண்டுவரும் வரை ஜன்னலோரம் நின்று, எனக்காக இந்த வரிகளைச் சொல்லிச் சொல்லிப் பார்த்திருப்பார் இல்லையா? முகம் நன்றாகத் தெரிந்தது. உதடு அசைவதும் தெரிந்தது. என்ன மெட்டு என்று காது கொடுத்துக் கேட்டேன். நர்கீஸின் சினிமா மெட்டில்தான் அத்தா பாடுகிறார்.