யோகப்பிரியா முதுகைத் திருப்பி நின்றபோது

கொழிஞ்சாம்பாறை,
செவ்வாய்க்கிழமை.

அன்பு மகன் கோபிநாத்துக்கு அம்மா சின்னத்தாயி எழுதிக்கொண்டது. இங்கே நான், உன் சம்சாரம் யோகப்பிரியா, பாப்பா, எருமைகள் இரண்டு, எல்லோரும் மாரியாத்தா புண்ணியத்தில் சௌக்கியம். நீயும் சௌக்கியம் என்றுதான் நினைக்கிறேன், தோஹாவில் உனக்குத் தலை வலித்தால்கூட முதல் போன் எனக்குத்தானே வரும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்திலிருந்து உன் போன் இல்லை, நான் போட்டாலும் அப்புறம் பேசறேன் என்று வைத்துவிடுகிறாய். ஏன் என்று எனக்குத் தெரியாதா சாமி? உன் பெரியப்பா மகன் காளிச்சாமி சொந்தக்காரர்களின் வாட்ஸப்பில் போட்ட போட்டோவைப் பார்த்துவிட்டாய். அந்தப் போட்டோவில் இருப்பது பாதிதான். மீதியைச் சொல்லத்தான் எழுதுகிறேன், காகிதத்தை நீ பாதியில் கட் செய்ய முடியாது பார். உன்கூட வேலை செய்யும் பாஸ்கல் லீவு முடிந்து வியாழக்கிழமை கோயம்புத்தூரில் ஏறுகிறான், கடலை உருண்டையும் இதையும் அவனிடம் கொடுத்து, கோபி படித்து முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திரு என்று சொல்லியிருக்கிறேன்.

முதலில் அந்தப் புத்தகம். நீ காலேஜில் படிக்கும்போது பாலக்காட்டில் ஏதோ கண்காட்சியில் வாங்கி வந்தாயே, ஆணழகன் பட்டம் வாங்கின சாம்பியன் உடம்பை எப்படி ஏற்றுவது என்று எழுதின தடிப் புத்தகம். சட்டையைக் கழற்றிக் கண்ணாடி முன்னால் நின்றாய், நாலு பக்கம் படித்தாய், பரணில் எறிந்தாய், உனக்கென்று நான் அவித்து வைத்த முட்டையை நாய் தின்றது. எனக்கு ஒன்றும் மறக்காது. பாப்பா பிறந்த பிறகு யோகப்பிரியா இடுப்பைப் பிடித்துக்கொண்டு பட்ட பாட்டை நீ லீவில் வந்தபோது பார்த்தாய், மீதி நாளெல்லாம் நான் பார்த்தேன். கட்டிலைவிட்டு எழ என் தோளைப் பிடிப்பாள், பால் கேனைத் தூக்கினால் வாசலிலேயே உட்கார்ந்துவிடுவாள். சித்தூர் டாக்டர் மாத்திரையை நிறுத்திவிட்டு, முதுகுச் சதைக்குப் பலம் ஏற்றினால்தான் ஆகும் என்றார். அவர் சொல்லிக் கொடுத்த சின்னச் சின்னப் பயிற்சி எல்லாம் பழகி, வலி பாதியாகக் குறைந்தபோதுதான் எலி சத்தத்துக்குப் பரணைக் கிளறினாள், புத்தகம் கிடைத்தது. “ஏனுங்க அத்தை, இதெல்லாம் ஆம்பளைங்களுக்கு மட்டுமா எழுதியிருப்பாங்க?” என்று கேட்டாள். சதை ஆம்பளைக்கு மட்டுமா இருக்குது என்றேன்.

பெயிண்ட் டப்பா இரண்டில் சிமெண்டை ஊற்றி, பழைய மோட்டார் பைப்பின் இரண்டு முனையிலும் நட்டுக்கொண்டோம். தூக்கும்போது அவளால் புத்தகத்தைப் பார்க்க முடியுமா, அதனால் நான் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து வாசித்தேன். என் படிப்பு உனக்குத் தெரியும், மூன்றாம் வகுப்போடு முடித்து வைத்தார்கள், முடித்து வைத்தது யார் என்பதும் எனக்கு மறக்கவில்லை, அது இருக்கட்டும். ‘எடையை இறக்கும்போது மெதுவாக இறக்கவும், மூச்சை உள்ளே இழுக்கவும்’ என்று நான் எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் எருமை ஒரு வாய் புல்லை மென்று முடித்துவிடும். நான் முடிக்கும்வரை அவள் இறக்கிக்கொண்டே இருப்பாள், கால் நடுங்கும், “அத்தை, வெரசாப் படிங்க” என்று கத்துவாள். பிறகு கொழிஞ்சாம்பாறை ஜிம்மில் பெண்களுக்கென்று காலை நேரம் ஒதுக்கினபோது சேர்ந்தாள். அங்கே சொல்லிக் கொடுக்கும் ஜிஸ்மி இடுக்கிக்காரப் பெண், இவள் இறக்குவதைப் பார்த்து வாயைப் பிளந்து, “சேச்சி, இத்தனை மெதுவா இறக்க ஆரு படிப்பிச்சது?” என்று கேட்டாளாம். “என் மாமியார்” என்றிருக்கிறாள் இவள். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை, அத்தனை சந்தோஷம். இன்று காலுக்கு வேலை கொடுத்தால் நாளை தோளுக்கு, உழைத்த சதைக்கு ஓய்வு கொடு, அது தூங்கும்போதுதான் வளரும் என்று சாம்பியன் எழுதியிருக்கிறார். மருமகளைத் தூங்கவிடு என்று எழுதின புத்தகத்தை நான் இப்போதுதான் பார்க்கிறேன்.

பாலக்காட்டில் பெண்களுக்கு உடல்கட்டுப் போட்டி இருக்கிறது, நில் என்று ஜிஸ்மி அவளிடம் சொன்னபோதுதான் நீ போனில் ஊர்ல தலை காட்ட முடியாது, நிறுத்து என்றாய். அவள் பைப்பை மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் சாத்திவிட்டுப் பாத்திரம் கழுவினாள். கேன் தூக்க முடியாத காலத்தில்கூட பாட்டுப் பாடிக்கொண்டு கழுவுகிறவள், அன்று தண்ணீர்ச் சத்தம் மட்டும்தான் கேட்டது. காளிச்சாமி வேறு மோர் கேட்டு வந்து, “சின்னம்மா, பொம்பளைக்கு எதுக்குங்க புஜம்? எருமையத் தூக்கிட்டு பால் சொசைட்டிக்குப் போகப்போறாளா?” என்றான். உன் அப்பா காரியத்துக்கு வந்து, நான் அழுதுகொண்டிருக்கும்போது சாம்பாரில் உப்பில்லை என்று சொன்ன வாய் அது. அவன் எழுந்து போன உடனே நானே பைப்பை இழுத்துக்கொண்டு வந்து அவள் முன்னால் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை போட்டியில் நடந்ததைச் சொல்கிறேன் கேள். படத்தில் சாம்பியன் உடம்பு மினுமினு என்று இருக்கிறதே என்று காலையில் நான் நல்லெண்ணெயைக் காய்ச்சித் தலை முதல் கால் வரை அழுத்தித் தேய்த்துவிட்டேன். பஸ்ஸில் போய் இறங்கினோம், ஜிஸ்மி மேடைக்குப் பூசும் பழுப்புச் சாயத்தைப் பூசினாள், அது ஒட்டினால்தானே, கோடு கோடாக வழிகிறது, இவள் வரிக்குதிரை மாதிரி நிற்கிறாள். எண்ணெய் ஆகாது என்று புத்தகத்தில் இருக்கிறதாம், பொடி எழுத்தில். அத்தனை முக்கியமான சங்கதியைக் கொட்டை எழுத்தில் போட்டிருக்க வேண்டாமா, அது சாம்பியன் தப்பு. துணைக்கு வருகிறேன் என்று பின்னாலேயே வந்த காளிச்சாமி அந்த நேரம் பார்த்துத்தான் போட்டோ எடுத்தான். நீ பார்த்தது அதுதான். அவள் அழ ஆரம்பித்தாள், ஊட்டுக்குப் போயிடலாமுங்க அத்தை என்றாள். எதிர்க் கடையில் பாத்திரம் கழுவும் சோப்பு வாங்கி, குளியலறையில் நிறுத்தி எருமையைத் தேய்ப்பதுபோலத் தேய்த்தேன். “தோல் உரியுதுங்க!” என்றாள், உரியட்டும் என்றேன். ஜிஸ்மி மறுபடி பூசினாள், நான் அட்டையால் விசிறிக் காயவைத்தேன்.

மேடையில் போடும் அந்த இரண்டு துண்டு உடுப்பைப் பற்றி நீ நினைப்பதும் தெரியும். எனக்கும் முதலில் தூக்கிவாரித்தான் போட்டது. காளிச்சாமி துண்டு ஒன்றைக் கட்டிக்கொண்டு தினமும் வாய்க்காலுக்கு ரோட்டில் போகிறானே, அந்த வயிற்றைப் பார்த்து எந்தச் சொந்தக்காரனுக்காவது தலை காட்ட முடியாமல் போனதா? மேடையில் இருந்த எல்லாப் பெண்களும் அதே உடுப்பில்தான் வந்தார்கள், பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருத்தியும் நின்றாள்.

மைக்கில் திரும்பி நிற்கச் சொன்னார்கள். இவள் திரும்பிக் கையை மடக்கி முதுகை விரித்தாள் பார், கோபி. நான் தாங்கிப் பிடித்து எழுப்பி, வெந்நீர் ஊற்றிவிட்ட முதுகு அது. பனையோலை விசிறி விரிகிற மாதிரி விரிந்தது, சதை ஒவ்வொன்றும் தனித்தனியாக எழுந்து நின்றது. முன்பின் தெரியாத சனங்கள் விசில் அடிக்கிறார்கள், பாப்பா நாற்காலிமேல் ஏறி அம்மா அம்மா என்று கத்துகிறாள், நான் என்ன கத்தினேன் என்று எனக்கே தெரியாது, தொண்டை இன்னும் சரியாகவில்லை. இரண்டாவது பரிசு! பெயரைச் சொன்னதும் அவள் மேடையிலிருந்து தேடினது என்னையும் பாப்பாவையும் மட்டும் இல்லை. கீழே வந்தவுடன் போனை எடுத்துப் பார்த்தாள், உன் பெயர் இல்லை என்று பையில் வைத்தாள்.

முதல் இரண்டு பேர் திருச்சூரில் மாநிலப் போட்டிக்குப் போகலாம், அடுத்த வாரத்துக்குள் பெயர் கொடுக்க வேண்டுமாம். கொடு என்றால், “அவர் ஒரு வார்த்தை சொல்லட்டுங்க அத்தை” என்கிறாள். உன்னிடம் கேட்கவும் மாட்டாள். நீ நிறுத்து என்றதை நான் மீற வைத்தேன், சண்டை போடுவதென்றால் என்னோடு போடு, லீவில் வா, வட்டியோடு திருப்பித் தருகிறேன். நீ சொல்லாவிட்டாலும் பெயரைக் கொடுக்கச் சொல்லி நான் பிடிவாதம் பிடிப்பேன், அவளும் எனக்காக வருவாள். ஆனால் எனக்காக வந்து நிற்பது வேறு, தனக்காக வந்து நிற்பது வேறு, அந்த வித்தியாசம் மேடையில் தெரியும் கண்ணு.

வெயிலில் தலைக்குத் துணி கட்டாமல் நிற்காதே, கடலை உருண்டையில் பாஸ்கலுக்கும் பங்கு கொடு. மாரியாத்தா உன்னை நோய் நொடி அண்டாமல் நல்ல புத்தியோடு வைத்திருக்கட்டும். இதைப் படித்து முடித்ததும் போன் போடு. என் நம்பருக்கு வேண்டாம், அவள் நம்பருக்குப் போடு.

உன் அம்மா,
சின்னத்தாயி